சோம்பலா, சோர்வா?

நுழையுமுன்

காலையில் எழ மறுக்கும் பிள்ளையைப் பார்த்து, "சோம்பேறி" என்று பெரியோர் கடிந்துகொள்வது எல்லா வீடுகளிலும் கேட்கும் சொல். சென்னையிலும் கேட்கும், தில்லியிலும் அகமதாபாதிலும் குவகாத்தியிலும் வாழும் தமிழர் இல்லங்களிலும் கேட்கும். அச்சொல் எப்போதும் பொருத்தமானதுதானா? பதின்பருவத்தினரின் உறக்கம், உணவு, உடற்பயிற்சி ஆகிய மூன்றும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

இரு சொற்கள், இரு பொருள்கள்

தமிழில் சோம்பல் என்பது ஒன்று. சோர்வு என்பது வேறொன்று. செய்ய இயன்ற செயலைச் செய்ய மனமின்றி இருத்தல் சோம்பல். செய்ய மனமிருந்தும் உடல் ஒத்துழையாமல் தளர்தல் சோர்வு. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வகுப்பில் கண் செருகும் மாணவர் சோம்பலால் அவ்வாறு இருக்கிறாரா, சோர்வால் அவ்வாறு இருக்கிறாரா என்பதை வெளியில் இருந்து சொல்லிவிட முடியாது.

இரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. சோம்பலை நீக்க மனவுறுதி போதும். சோர்வை நீக்க அதன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். பதின்பருவத்தில் தோன்றும் சோர்வுக்குப் பெரும்பாலும் மூன்று இடங்களில் காரணத்தைத் தேடலாம். அவை படுக்கை, உணவுத்தட்டு, விளையாட்டுத்திடல் என்பன.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

1729ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் தெ மேரான் ஓர் எளிய சோதனையைச் செய்தார். தொட்டாற்சுருங்கி வகைச் செடி பகலில் இலைகளை விரித்து, இரவில் மூடிக்கொள்ளும். அச்செடியை அவர் வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். கதிரவனைக் காணாத நிலையிலும் அச்செடி பகல் வேளையில் இலைகளை விரித்தது. இரவு வேளையில் மூடியது. நேரத்தை அறியும் ஆற்றல் உயிருக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது முதற்சான்றாக அமைந்தது.

மனித உடலிலும் அத்தகைய கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் திரண்ட சிறு பகுதி அது. எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும், எப்போது உடல்வெப்பம் உயர வேண்டும், எப்போது தாழ வேண்டும் என்பவற்றை அது நெறிப்படுத்துகிறது. இக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கைக்கடிகாரத்தை அவ்வப்போது சரிசெய்வது போல உடற்கடிகாரத்தையும் நாள்தோறும் சரிசெய்ய வேண்டும். அப்பணியைச் செய்வது ஒளி. காலையொளி கடிகாரத்தை முன்னே நகர்த்தும். இரவில் கண்ணில் படும் ஒளி அதைப் பின்னே தள்ளும். இருள் சூழ்ந்ததும் மூளையில் உள்ள கூம்புச் சுரப்பி மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. "இரவு வந்துவிட்டது, உறங்க ஆயத்தமாகு" என்று உடலுக்கு அறிவிக்கும் தூதர் அது.

பதின்பருவத்தில் நிகழும் மாற்றம்

பருவமடையும் காலத்தில் இத்தூதர் தாமதமாக வரத் தொடங்குகிறார். சிறுவயதில் இரவு எட்டு அல்லது ஒன்பது மணிக்கே கண்ணயர்ந்த பிள்ளைக்கு, பதினான்கு, பதினைந்து வயதில் பத்து, பதினொரு மணிவரை உறக்கம் வராமல் போகலாம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேரி கார்ஸ்கடன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளனர். பல நாடுகளைச் சேர்ந்த பதின்பருவத்தினரிடமும் இது காணப்படுகிறது. ஆகவே, இரவில் உறக்கம் தாமதமாவது முழுவதும் பிள்ளையின் பிடிவாதம் அன்று. வளர்ச்சியின் ஒரு பகுதியும் ஆகும்.

ஆனால் உறக்கம் தாமதமாகத் தொடங்கினாலும் பள்ளி தாமதமாகத் தொடங்குவதில்லை. 13 முதல் 18 வயதுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணிநேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இரவு 11.30 மணிக்கு உறங்கிக் காலை 5.30 மணிக்கு எழும் மாணவருக்குக் கிடைப்பது 6 மணிநேரமே. குறைந்த அளவான 8 மணிநேரத்தோடு ஒப்பிட்டாலும், ஒரு நாளில் 2 மணிநேரமும் ஐந்து பள்ளி நாள்களில் 10 மணிநேரமும் குறைகின்றன. வெள்ளிக்கிழமை வரும்போது, அம்மாணவர் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த அளவுக்கு உறக்கத்தை இழந்திருப்பார்.

இக்கடனை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் அடைத்துவிடலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். பத்து, பதினொரு மணிவரை உறங்கினால் காலையொளி கண்ணில் படுவதில்லை. உடற்கடிகாரம் மேலும் பின்தங்குகிறது. அன்றிரவு உறக்கம் இன்னும் தாமதமாகிறது. திங்கட்கிழமைக் காலை இன்னும் கடினமாகிறது. விடுமுறை நாளில் வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் கூடுதலாக உறங்குவது நன்று. நான்கு மணிநேரம் பிந்தி எழுவது நன்றன்று.

ஒரே மணி, வேறு வேறு விடியல்

இந்தியா முழுமைக்கும் ஒரே திட்ட நேரம் உள்ளது. 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது அது. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆகும். நம் நாட்டின் கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் இடையே ஏறத்தாழ 29 பாகை வேறுபாடு இருப்பதால், இரு எல்லைகளிலும் கதிரவன் உதிப்பதில் ஏறத்தாழ இரண்டு மணிநேர வேறுபாடு ஏற்படுகிறது.

ஜூன் மாதத்தில் குவகாத்தியில் காலை 4.30 மணி அளவிலேயே பொழுது புலர்ந்துவிடும். அதே நாளில் அகமதாபாதில் கதிரவன் தோன்ற 6 மணி ஆகிவிடும். மறைய இரவு 7.30 மணி ஆகும். டிசம்பரில் குவகாத்தியில் மாலை 4.30 மணிக்கே பொழுது சாயும். அசாமின் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் இந்தியத் திட்ட நேரத்தைவிட ஒரு மணிநேரம் முன்னதாக வைத்த "தோட்ட நேரம்" வழங்கி வருவதற்கும் இதுவே காரணம்.

பணியின் பொருட்டு இடம்பெயரும் குடும்பங்களில் பிறந்த உங்களுக்கு இது வெறும் புவியியல் செய்தி அன்று. தந்தையோ தாயோ இடமாற்றம் பெற்றுக் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும்போது, பள்ளி மணி பெரிதும் மாறாமல் இருக்கலாம். ஆனால் கதிரவன் மாறிவிடுகிறான். மேற்கே பொழுது பிந்திச் சாய்வதால் இரவு உறக்கமும் பிந்த இடமுண்டு. புதிய ஊரில் சில நாள்கள் காலையில் எழக் கடினமாக இருந்தால், அது உடல் புதிய விடியலுக்குப் பழகும் காலம் என அறிக. தில்லி போன்ற வடநகரங்களில் குளிர்கால மூடுபனி காலையொளியைக் குறைத்துவிடும். அக்காலத்தில் பனி விலகிய பின்னரேனும், உணவு இடைவேளையில் வெளியே வந்து வெளிச்சத்தில் நிற்பது பயன் தரும்.

உறங்கும்போது நிகழ்வன

உறக்கம் வெறும் ஓய்வு என்று கருதுவது பிழை. ஆழ்ந்த உறக்கத்தின்போதுதான் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. தசைகள் பழுது நீங்குகின்றன. பகலில் கற்றவை ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதியில் தற்காலிகமாகத் தங்குகின்றன. உறக்கத்தின்போது மூளை அவற்றை மீண்டும் ஓட்டிப் பார்த்து, நிலையான நினைவாக மாற்றுகிறது.

தேர்வுக்கு முந்தைய நாள் இரவு முழுவதும் விழித்துப் படிப்பவர், மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டுக் கட்டாமல் செல்பவரைப் போன்றவர். பாதி வழியில் அது விழுந்துவிடும். படித்ததைக் கட்டி வைக்கும் கயிறு உறக்கமே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நோக்கிச் செல்லும் மாணவர் குறைக்கக் கூடாத ஒன்று உண்டெனில், அது உறக்கம்தான்.

உறக்கம் குறைந்தால் உணவும் தடம் புரள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் கூடுகிறது. "போதும்" என்று உணர்த்தும் லெப்டின் குறைகிறது. உறக்கமிழந்தவர் இனிப்பையும் பொரித்த தின்பண்டங்களையும் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உணவு: எது, எவ்வளவு, எப்போது?

மூளையில் உள்ள முதன்மைக் கடிகாரத்தை ஒளி சரிசெய்வது போல, கல்லீரல் முதலிய உறுப்புகளில் உள்ள கடிகாரங்களை உணவுவேளை சரிசெய்கிறது. காலையுணவைத் தவிர்த்து, இரவு பதினொரு மணிக்கு நூடுல்ஸ் உண்பவரின் மூளை "இரவு" என்கிறது. கல்லீரலோ "பகல்" என்கிறது. இரண்டும் முரண்படும்போது செரிமானமும் உறக்கமும் கெடுகின்றன. முன்பு உண்டது செரித்ததை அறிந்த பின்னரே உண்ண வேண்டும் என்று திருக்குறளின் "மருந்து" அதிகாரம் அறிவுறுத்துவது இங்கு நினைக்கத்தக்கது.

பள்ளி வண்டி ஏழு மணிக்கு வந்துவிடுவதால் பலர் காலையுணவைக் கைவிடுகின்றனர். காலையுணவு பெரிய விருந்தாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு இட்டலியும் சாம்பாரும் போதும். பருப்புச் சேர்த்த சப்பாத்தியும் போதும். முளைகட்டிய பயறும் ஒரு வாழைப்பழமும் போதும்.

சோர்வுக்கு மற்றுமொரு பெருங்காரணம் இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேருக்கும், அதே வயதுடைய ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைவு அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறையும். உடலின் உறுப்புகளுக்குப் போதிய ஆக்சிஜன் செல்லாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பாடத்தில் மனம் நிற்காது. இத்தகைய மாணவியைச் சோம்பேறி என்பது எவ்வளவு பெரிய அநீதி!

இரும்புச்சத்து கீரை, பயறு, கம்பு, எள், முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றில் உண்டு. கீரை, பயறு போன்றவற்றில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி அதற்குத் துணைபுரியும். உணவோடு அருந்தும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். ஆகவே, பருப்புச் சோற்றில் எலுமிச்சை பிழிந்து உண்பதும், உணவுக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணிநேரமேனும் இடைவெளி விடுவதும் சிறு செயல்களாயினும் பயன் பெரியது. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை ஒதுக்காமல் உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும்.

எலும்பு வலுப்பெறும் காலமும் பதின்பருவமே. இப்போது சேர்க்கும் சுண்ணாம்புச்சத்தே முதுமைவரை துணைநிற்கும். பாலிலும் தயிரிலும் அது மிகுதி. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. கேழ்வரகு தமிழகத்தில் மட்டுமே கிடைக்கும் என எண்ண வேண்டா. உத்தரகண்டில் அதை மண்டுவா என்பர். மகாராட்டிரத்தில் நாச்சணி என்பர். குசராத்தில் நாகலி என்பர். கன்னட நாட்டில் ராகி என்பர். அவ்வாறே கம்பு வடநாட்டில் பாஜ்ரா ஆகிறது. சோளம் ஜுவார் ஆகிறது. நெல்லிக்காய் ஆம்லா ஆகிறது. ஊர் மாறும்போது பெயர்தான் மாறுகிறது. பாட்டி தந்த கூழின் தானியம் உங்கள் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது.

குறைக்க வேண்டியனவும் உள்ளன. 300 மில்லி லிட்டர் இனிப்புக் குளிர்பானத்தில் 30 கிராமுக்கு மேலும் சர்க்கரை இருப்பதுண்டு. அது ஆறு தேக்கரண்டிக்கு மேற்பட்ட அளவாகும். மாலையில் அருந்தும் காப்பியும் உறக்கத்தைக் கெடுக்கும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்னும் பொருள் மூளையில் சேர்ந்து உறக்கத்தை வரவழைக்கிறது. காப்பியில் உள்ள காஃபின் அதன் செயலைத் தடுத்துவிடுகிறது. அருந்திய காஃபினில் பாதியளவு ஏறத்தாழ ஐந்து மணிநேரம் கழிந்த பின்னும் உடலிலேயே தங்கியிருக்கும். மாலை ஏழு மணிக்குக் குடித்த காப்பியின் பாதி, நள்ளிரவில் இன்னும் விழித்திருக்கிறது.

அசையும் உடல் அயர்ந்து உறங்கும்

5 முதல் 17 வயதுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் மூச்சு விரைந்து வரும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரத்தில் மூன்று நாள்களேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும். ஆனால் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் 11 முதல் 17 வயதுள்ளோரில் ஐவரில் நால்வர் இந்த அளவை எட்டுவதில்லை.

60 நிமிடங்களைத் தொடர்ச்சியாகச் செலவிட வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் 20 நிமிடங்கள், உடற்கல்வி வகுப்பில் 20 நிமிடங்கள், மாலையில் நண்பரோடு பந்து விளையாடும் 20 நிமிடங்கள் எனப் பகுத்துக்கொள்ளலாம். அடுக்ககத்தில் வாழ்வோருக்கு மாடிப்படியும் கயிறும் போதும். கயிறு தாண்டுதல், பாண்டி ஆட்டம், கபடி போன்றவற்றில் குதிக்கும்போது எலும்பின்மீது ஏற்படும் அழுத்தமே எலும்பை உறுதியாக்குகிறது. நீந்துவது இதயத்திற்கு நன்று. குதிப்பது எலும்புக்கு நன்று.

வெளியில் விளையாடுவோருக்கு இரட்டைப் பயன் உண்டு. உடல் அசைகிறது, கண்ணில் பகலொளி படுகிறது. இரண்டும் சேர்ந்து இரவில் உறக்கத்தை விரைவில் வரவழைக்கின்றன.

ஒரு சங்கிலியின் மூன்று கண்ணிகள்

உறக்கம் குறைந்தால் காலையில் பிந்தி எழுகிறோம், காலையுணவு தவறுகிறது. உணவு தவறினால் மாலையில் விளையாட வலு இருப்பதில்லை, கைப்பேசியோடு அமர்கிறோம். உடல் அசையாததாலும் திரையின் ஒளியாலும் இரவில் உறக்கம் பிந்துகிறது. மறுநாளும் அதே கதை தொடர்கிறது. இச்சங்கிலி கீழ்நோக்கி இழுப்பது போலவே மேல்நோக்கியும் இழுக்கும். ஒரு கண்ணியைச் சரிசெய்தால் மற்றவை தாமே தளர்ந்து கொடுக்கும்.

எங்கே தொடங்குவது? மூன்றையும் ஒரே நாளில் மாற்ற முயல்வோர் மூன்றையும் விட்டுவிடுகின்றனர். எளிதானது, எழும் நேரத்தை நிலைப்படுத்துவது. ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்து, பத்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னூட்டத்தில் வையுங்கள். உறங்கச் செல்லும் நேரத்தை நாள்தோறும் பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். நான்கு நாள்களில் ஒரு மணிநேரம் கிடைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் சில வாரங்களுக்குப் பின்னும் சோர்வு நீங்கவில்லை எனில், பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைக் காணுங்கள். "எனக்குச் சோம்பல் இல்லை, சோர்வாக இருக்கிறது" என்று எடுத்துரைப்பதில் வெட்கம் வேண்டா. உடலின் நிலையைச் சரியான சொல்லால் சொல்லத் தெரிந்தவருக்கே சரியான உதவியும் கிடைக்கும்.

சொற்பொருள்

கடிந்துகொள்ளுதல் – கண்டித்துப் பேசுதல்
கண் செருகுதல் – உறக்கத்தால் கண் மூடுதல்
இன்றியமையாதது – மிகத் தேவையானது
ஆயத்தம் – முன்னேற்பாடு
பொழுது சாய்தல் – கதிரவன் மறைதல்
கண்ணி – சங்கிலியின் வளையம்

பிரித்து எழுதுக

1. உடற்பயிற்சி
2. காலையுணவு
3. இரும்புச்சத்து
4. நாள்தோறும்

ஓரிரு தொடர்களில் விடை எழுதுக

1. சோம்பலுக்கும் சோர்வுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தெ மேரானின் சோதனை எதை உணர்த்தியது?
3. பருப்புச் சோற்றில் எலுமிச்சை பிழிந்து உண்பதன் பயன் என்ன?
4. மாலையில் காப்பி அருந்தினால் உறக்கம் கெடுவது ஏன்?

விரிவான விடை எழுதுக

1. உறக்கம், உணவு, உடற்பயிற்சி ஆகிய மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் என்பதை விளக்குக.
2. நீங்கள் வாழும் ஊரிலிருந்து வேறு ஊருக்கு இடம்பெயரும் நண்பருக்கு, புதிய விடியலுக்குப் பழகும் வழிகளைக் கூறிக் கடிதம் எழுதுக.

செயல்திட்டம்

1. ஒரு வாரத்திற்கு நீங்கள் உறங்கிய நேரம், எழுந்த நேரம், காலையுணவு, விளையாடிய நிமிடங்கள் ஆகியவற்றை நாட்குறிப்பில் பதிவு செய்க. எந்நாளில் மிகுந்த சோர்வு தோன்றியது? காரணத்தை ஆராய்ந்து ஐந்து தொடர்களில் எழுதுக.
2. ஊரில் உள்ள தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் சிறுவயதில் உண்ட தானியங்களின் பெயர்களைக் கேட்டறிக. உங்கள் ஊர்க் கடையில் அவை எப்பெயரில் விற்கப்படுகின்றன என்பதைத் தமிழில் பட்டியலிடுக.